சேலத்திலிருந்து கோடியக்கரைக்கு: கரையோரப் பறவைகளைப் பார்க்கவும் படமெடுக்கவும்

கோடியக்கரைக்குப் போகப்போகிறோம் என்று சொன்னதும் நம்ம ஊரில் எல்லாரும் கேட்பது இரண்டே கேள்விகள்தான். பூநாரை (ஃபிளமிங்கோ) இருக்குமா? எந்த லென்ஸ் எடுத்துப்போகணும்? இரண்டுக்கும் பதில் கீழே வருகிறது. அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கரையோரப் பறவையைத் துரத்திப் போய் நல்ல படம் எடுத்தவர் யாரும் கிடையாது. திறந்த சேற்று வெளியில் மறைவதற்கு ஒரு செடிகூட இருக்காது, நீங்கள் அரை கிலோமீட்டர் தள்ளி வரும்போதே அது உங்களைப் பார்த்துவிடும். தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, வெயில் எங்கே நிற்கிறது, காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று மூன்றையும் பார்த்து, பறவை வரப்போகிற இடத்தில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிட்டால், அது மேய்ந்துகொண்டே உங்கள் பக்கம் வந்து சேரும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் நம்ம ஏரி

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது வாரம் ஒரு காலை மூக்கனேரிக்குப் போய் வாருங்கள். கன்னங்குறிச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது நடந்து போகிற தூரம். ஏரியைச் சீரமைத்தபோது மண்ணைக் குவித்து உள்ளே மரத்திட்டுகள் அமைத்தார்கள் இல்லையா, அந்தத் திட்டுகளில் நீர்க்காகமும் வக்காவும் கொக்கும் அடைவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். தண்ணீரில் முக்குளிப்பான், நாமக்கோழி, தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து. எல்லாம் மனித நடமாட்டத்துக்குப் பழகிய பறவைகள், எனவே கை பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பனமரத்துப்பட்டிப் பக்கம் இருப்பவர்கள் அங்கேயுள்ள ஏரியில் பழகலாம், மேட்டூர்க்காரர்களுக்கு அணை இருக்கிறது.

என்ன பழகுவது? பைனாகுலரில் பறவையைச் சட்டென்று பிடிப்பதுதான் முதல் பாடம். புதிதாகப் பார்ப்பவர்கள் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடுவார்கள், கிடைக்காது. பறவை மேல் வைத்த கண்ணை எடுக்காமல், தலையை அசைக்காமல், பைனாகுலரை மட்டும் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். கேமராவுக்கும் இதேதான். பறக்கிற கொக்கை இப்படிப் பத்துக்கு எட்டு தடவை பிடிக்க முடிகிற வரைக்கும் கடற்கரைக்குப் போகிற அவசரம் வேண்டாம்.

அடுத்தது ஆட்காட்டி. சிவப்பு மூக்கு ஆட்காட்டி சேலத்தைச் சுற்றி ஏரிக்கரை, தரிசு, வயல் என்று எல்லா இடத்திலும் உண்டு. அது ஒரு இலவச வாத்தியார். நீங்கள் கொஞ்சம் அதிகமாக நெருங்கினால் கத்திக்கொண்டே எழும்பிவிடும். எவ்வளவு தூரத்தில் அது மேய்வதை நிறுத்துகிறது, எப்போது கழுத்தை நீட்டுகிறது, எப்போது இரண்டு அடி நடந்து விலகுகிறது என்று கவனித்துப் பழகுங்கள். கோடியக்கரையில் நூற்றுக்கணக்கான உள்ளான்கள் (சேற்றில் மேய்கிற கரையோரப் பறவைகள்) இதே வரிசையில்தான் உங்களுக்கு எச்சரிக்கை சொல்லும், ஆனால் சத்தம் இல்லாமல் சொல்லும். (ஏப்ரலுக்குப் பிறகு ஆட்காட்டி விடாமல் தலைக்கு மேலேயே சுற்றிக் கத்தினால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம், அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.)

ஏரியிலேயே கற்றுக்கொள்ள வேண்டிய இன்னொன்று, காலின் நீளத்துக்கும் தண்ணீரின் ஆழத்துக்கும் உள்ள கணக்கு. ஏரி நிறைந்து கிடக்கும்போது நீந்துகிறவையும் முங்குகிறவையும்தான் இருக்கும். தண்ணீர் வற்றி ஓரத்தில் சேறு தெரிய ஆரம்பித்ததும் பொறி உள்ளானும் நெடுங்கால் உள்ளானும் வந்து நிற்கும். நெடுங்கால் உள்ளான் தன் முழங்கால் முங்குகிற ஆழத்தில் நடக்கும், சின்ன உள்ளான் ஈரச் சேற்றையும் விரற்கடை ஆழத் தண்ணீரையும் விட்டு உள்ளே போகாது. கடற்கரையிலும் உப்பளத்திலும் எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதை இந்த ஒரு கணக்கை வைத்தே முக்கால்வாசி சொல்லிவிடலாம்.

எப்போது போவது

கோடியக்கரை நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யத்துக்குத் தெற்கே, வங்காள விரிகுடாவின் கரை சட்டென்று மேற்கே திரும்பிப் பாக் நீரிணையை ஒட்டிப் போகிற முனையில் இருக்கிறது. 1967இல் சரணாலயம் ஆனது. 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்ற முதல் ஈரநிலம் இதுதான். காடு, கடற்கரை, சேற்று வெளி, உப்பளம், பக்கத்தில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு என்று பல வகை நிலம் அடுத்தடுத்து இருப்பதால்தான் இத்தனை வகைப் பறவைகள்.

வலசைப் பறவைகள் அக்டோபரிலிருந்து மார்ச் வரை இருக்கும். அதற்குள்ளும் மாதத்துக்கு மாதம் வித்தியாசம் உண்டு. அக்டோபரில் காட்டுப் பக்கம் சுவாரசியம் அதிகம், வடக்கிலிருந்து வருகிற சின்னப் பறவைகள் கடற்கரைக் காட்டில் இறங்கி இளைப்பாறும், அதில் ஆறுமணிக் குருவியும் உண்டு. நவம்பரும் டிசம்பரும் வடகிழக்குப் பருவமழைக் காலம். சதுப்பு நிரம்பி நிற்கும், தண்ணீர் ஆழமாக இருப்பதால் சின்ன உள்ளான்கள் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டுச் சிதறிவிடும், வானிலை எச்சரிக்கையைப் பார்க்காமல் வண்டியை எடுக்கவே கூடாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தது இந்தப் பகுதியில்தான், சரணாலயத்துக் காட்டை அது என்ன செய்தது என்று அந்தப் பக்கத்து மக்கள் இன்றும் சொல்வார்கள்.

என்னைக் கேட்டால் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை போங்கள். மழை நின்றிருக்கும், தண்ணீர் மெதுவாக வடிந்து சேறு வெளியே வந்துகொண்டிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. மார்ச் கடைசியில் கூட்டம் குறையும், ஆனால் மிச்சம் இருப்பவை ஊர் திரும்புவதற்குத் தயாராகி நிறம் மாறத் தொடங்கியிருக்கும். குளிர்காலம் முழுக்கச் சாம்பலாக இருந்த வளைமூக்கு உள்ளானின் மார்பு செங்கல் நிறமாக ஏறுவதைப் பார்க்க அதுதான் சமயம். நிறைய பேர் அதைத் தவறவிடுகிறார்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது காலண்டரில் அமாவாசை, பௌர்ணமியையும் பாருங்கள். அந்த நாட்களை ஒட்டிக் கடல் ஏற்றமும் வற்றமும் அதிகம். தண்ணீர் வற்றினால் பறவைகள் பரந்த சேற்றில் எங்கோ தூரத்தில் மேயும், ஏறினால் சேறு முங்கி உங்கள் பக்கமாக நெருங்கி வரும். கோடியக்கரையில் இந்த வித்தியாசம் பெரிய அளவில் இருக்காது, பலமான காற்று சில நாள் ஆழமற்ற தண்ணீரை ஒரு பக்கமாகத் தள்ளிக் குவித்துவிடும், எனவே அங்கே போய் இறங்கியதும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, அரை மணி கழித்துத் தண்ணீர் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது எந்தச் செயலியைவிடவும் நம்பகமானது.

போகிற வழி

சேலத்திலிருந்து நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம். சுமார் 300 கிலோமீட்டர். காலையில் கிளம்பி மதியம் போய்ச் சேர்ந்து அன்று சாயங்காலமே பார்த்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். முதல் நாளே போய் வேதாரண்யத்தில் தங்கி, விடிவதற்கு முன்னால் கிளம்பி, சூரியன் எழும்போது நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு காலைப்பொழுதுகள் கிடைக்கிற மாதிரி பயணம் அமைந்தால் நல்லது. முதல் காலை இடம் பார்க்க, இரண்டாவது காலை படமெடுக்க.

பஸ்ஸில் போகிறவர்கள் திருச்சி அல்லது தஞ்சாவூரில் மாறிக்கொள்ளலாம். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் உள்ளே சுற்ற ஒரு வண்டி இருந்தால்தான் காலை வெளிச்சம் வீணாகாது. போகும் வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்பளங்களைப் பார்ப்பீர்கள். சேலத்தில் வக்கீலாக இருந்து நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துவந்து உப்பெடுத்தது இங்கேதான், நம்ம ஊர்க்காரர்கள் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தலாம்.

வனத்துறை சோதனைச் சாவடியில் அனுமதி வாங்கி, கேமராவுக்கும் வண்டிக்கும் உரிய கட்டணம் கட்டிவிட்டு உள்ளே போங்கள். அங்கே உள்ள வனப் பணியாளர்களிடமும் உள்ளூர் வழிகாட்டிகளிடமும் "இப்போ தண்ணி எங்கே நிக்குது, பறவை எந்தப் பக்கம் இறங்குது" என்று கேளுங்கள். நேற்று சாயங்காலம் வரை நடந்தது அவர்களுக்குத் தெரியும். உப்பளங்களில் நிறைய இடம் நிறுவனங்களுக்கும் தனியாருக்கும் சொந்தம், பாத்தி வரப்பில் கேட்காமல் ஏறாதீர்கள். டிரோன் எடுத்துப் போகவே வேண்டாம். சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் சட்டப்படி குற்றம், அதற்கும் மேலாக ஒரு டிரோன் சத்தத்துக்குச் சதுப்பில் இருக்கிற அத்தனை பறவையும் எழும்பிவிடும்.

எடுத்துப்போக வேண்டியவை

பைனாகுலர் 8×42 போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது எண் முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். 10 மடங்கு வாங்கினால் இன்னும் பெரிதாகத் தெரியும், ஆனால் கடற்காற்றில் கை ஆடுவதும் அதே அளவு பெரிதாகத் தெரியும். ஒரு பைனாகுலரும் ஒரு நோட்டும் மட்டும் எடுத்துப்போகிறவர்கள் கேமராக்காரர்களைவிட அதிகம் பார்த்துவிட்டு வருவதைப் பல தடவை கவனித்திருக்கிறேன், எனவே கேமரா இல்லையே என்று யாரும் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேமராவென்றால் 400 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று இருந்தால் வசதி. 300 இருந்தாலும் சரி. லென்ஸ் மாற்ற முடியாத சூப்பர்ஜூம் கேமராவில்கூட நல்ல வெயிலில் அருமையான படம் வரும். தூரத்தை லென்ஸால் ஜெயிக்க முடியாது என்பதைக் கீழே கானல் பற்றிப் பேசும்போது சொல்கிறேன். இன்னொரு விஷயம், கடற்கரையில் நின்றுகொண்டே லென்ஸ் மாற்றாதீர்கள். காற்றில் மணலும் உப்பும் இருக்கும்.

டிரைபாடைவிட ஒரு மணல் பை உதவும், ஏனென்றால் உட்கார்ந்தோ படுத்தோதான் எடுக்கப்போகிறோம். பழைய ஜீன்ஸ் காலை ஒரு முழம் வெட்டி, ஒரு பக்கம் தைத்து, உள்ளே பாலித்தீன் பையில் ஜவ்வரிசியைக் கொட்டி மறுபக்கமும் தைத்தால் தீர்ந்தது. நம்ம ஊரில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. பாலித்தீன் பை அவசியம், ஈரம் பட்டால் ஜவ்வரிசி கூழாகிவிடும். கீழே விரிக்க ஒரு உரச்சாக்கு, தலைக்குத் தொப்பி, மண் நிறத்தில் சட்டை, நிறைய தண்ணீர். நல்ல தண்ணீருக்கு அங்கே உள்ளே எதையும் நம்ப வேண்டாம். சாப்பிட எடுத்துப்போவதை டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள், மொரமொரவென்று சத்தம் போடுகிற தட்டுவடைப் பாக்கெட்டைச் சேற்று விளிம்பில் உட்கார்ந்து பிரிக்காதீர்கள். குரங்குகளுக்கு எதுவும் போடாதீர்கள், காட்டுக்குள் மிச்சத்தை எறியாதீர்கள்.

செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ளும். பின்பட்டி உள்ள சாண்டல் நல்லது. சேற்றில் இறங்குவதற்கு முன் ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள், மேலே உப்பு பூத்துக் காய்ந்த மாதிரி இருக்கும், காலை வைத்தால் முழங்கால் வரை இறங்கும். தனியாக இறங்காதீர்கள்.

உட்காருகிற கலை

காலையில் இடத்துக்குப் போனதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். பத்து நிமிடம் பைனாகுலரில் மட்டும் பாருங்கள். கூட்டம் எந்தத் திசையில் நகர்ந்துகொண்டே மேய்கிறது என்று தெரியும், பெரும்பாலும் தண்ணீர் விளிம்பை ஒட்டியே நகரும். இப்போது அவற்றுக்கு முன்னால், அவை வந்து சேரப்போகிற இடத்தில், நன்றாகத் தள்ளிச் சுற்றிவந்து உட்காருங்கள். நேராகப் பறவையைப் பார்த்து நடக்காதீர்கள், அதை வேட்டை விலங்குதான் செய்யும். சாய்வாக, வேறெங்கோ போகிற மாதிரி, நின்று நின்று போங்கள். கடைசி ஐம்பது அடியைக் குனிந்தோ உட்கார்ந்து நகர்ந்தோ கடக்கலாம்.

உட்கார்ந்த பிறகு முதல் பதினைந்து நிமிடம் எதுவும் நடக்காது. அருகில் இருந்தவை விலகியிருக்கும். அசையாமல் இருந்தால் திரும்பி வரும். முதலில் கொசு உள்ளான் வரும், அதற்குத்தான் பயம் கொஞ்சம் குறைவு. 20, 30 கிராம் எடையுள்ள, கைக்குள் அடங்குகிற பறவை. சைபீரியாவின் வடகோடியில் மரமில்லாத துந்திரப் பனிவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து, உங்கள் லென்ஸின் மிகக் குறைந்த போகஸ் தூரத்துக்கும் உள்ளே மேய்ந்துகொண்டு போகும். அந்த நேரத்தில் நீங்கள் எழுந்தால் கூட்டம் மொத்தமும் போய்விடும், எனவே படம் எடுத்து முடித்த பிறகும் அவை தாங்களாகக் கடந்து போகிற வரைக்கும் இருங்கள்.

கூட்டம் கலையப்போகிறது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கும். எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். ஒன்றிரண்டு எச்சமிடும், இறக்கையை லேசாக விரித்து மூடும். அப்போதே அசைவை நிறுத்துங்கள், அல்லது மெதுவாகப் பின்வாங்குங்கள். பறக்கிற படம் வேண்டும் என்று கல்லெறிவதும் கை தட்டுவதும் செய்கிற கூட்டம் ஒன்று உண்டு, தயவுசெய்து உங்கள் குழுவில் யாரும் அப்படிச் செய்ய விடாதீர்கள். அவை இங்கே இருக்கிற மாதங்களில் உடம்பில் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும், அந்தக் கொழுப்பை எரித்துத்தான் மறுபடி பல ஆயிரம் கிலோமீட்டர் பறக்கும். ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் அந்தச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் போகிறது, நாள் முழுக்க வருகிற எல்லாரும் ஒரு தடவை எழுப்பினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

காரில் இருந்தபடியே எடுக்க முடிகிற பாதை ஓரங்களில் இறங்கவே இறங்காதீர்கள். பறவைகள் காரைப் பெரிதாகப் பொருட்படுத்தாது, கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் போய்விடும். இன்ஜினை அணைத்துவிட்டு ஜன்னலில் ஜவ்வரிசிப் பையை வைத்து எடுங்கள்.

வெயில், காற்று, கானல்

குளிர்காலத்தில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து தெற்கு வழியாகப் போகும். வடகிழக்குக் காற்று அடிக்கிற நாளில் பறவைகள் அந்தக் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும். இரண்டையும் சேர்த்தால், காலையில் பறவைகளுக்குக் கிழக்குப் பக்கம் நீங்கள் இருந்து மேற்கே பார்த்து எடுப்பதுதான் சிறந்தது. வெயிலும் முதுகில், காற்றும் முதுகில். எழும்புகிற பறவை உங்களை நோக்கி வரும், அதன் முகத்தில் வெளிச்சம் விழும். சாயங்காலம் இது மாறிவிடும். வெளிச்சத்துக்காக நீங்கள் மேற்குப் பக்கம் போனால் பறவைகள் உங்களுக்கு முதுகைக் காட்டி எழும்பும், எனவே சாயங்காலத்தை நிற்கிற, தூங்குகிற, இறகு கோதுகிற படங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஷட்டர் வேகம், சின்ன உள்ளான்கள் பறக்கும்போது 1/2000 நொடிக்குக் குறையக் கூடாது, 1/3200 கிடைத்தால் இன்னும் நல்லது. பூநாரை, கூழைக்கடா மாதிரி மெதுவாக இறக்கை அடிப்பவற்றுக்கு 1/1000 போதும். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விட்டு, அபெர்ச்சரை (லென்ஸின் ஒளித் துளை) லென்ஸ் தருகிற அளவுக்குத் திறந்தே வையுங்கள், கூட்டமாக எடுத்தால் மட்டும் f/8க்கு மூடுங்கள். போகஸை விடாமல் தொடர்கிற முறையில் வைத்து, போகஸ் குறி பறவையின் கண்ணில் இருக்கட்டும்.

வெள்ளைப் பறவை விஷயத்தில் மூக்கனேரியில் கொக்கை வைத்துப் பழகியது இங்கே கைகொடுக்கும். இருண்ட பின்னணியில் ஒரு வெள்ளைப் பறவை சின்னதாக நின்றால் கேமரா பின்னணியைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகு வெளுத்துப்போகும், அப்போது எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவு) 0.7 அல்லது 1 ஸ்டாப் குறையுங்கள். உப்பளத்தின் வெண்மையும் வானமும் சட்டகத்தை நிறைத்தால் நேர்மாறு, கேமரா எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும், அப்போது அதே அளவு கூட்டுங்கள். ஒன்று எடுத்ததும் திரையில் வெளுப்பு எச்சரிக்கை மினுங்குகிறதா என்று பாருங்கள்.

கேமரா பறவையின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். உள்ளானின் கண் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இருக்காது, அதற்குத்தான் உரச்சாக்கு. படுத்து எடுத்தால் முன்னாலும் பின்னாலும் உள்ள சேறு கலங்கிப் போய், பறவை மட்டும் தனியாக நிற்கும். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்த படத்தை எந்த மென்பொருளாலும் அப்படி மாற்ற முடியாது.

இனி கானல். காலை ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் சேறும் உப்பும் சூடேறி, தரையை ஒட்டிய காற்று நெளிய ஆரம்பிக்கும். தூரத்துப் பறவை கண்ணுக்கே அலைபாயும், லென்ஸில் இன்னும் மோசம். போகஸ் சரியாக இருக்கும், படம் மட்டும் தெளிவாக இருக்காது, லென்ஸ் கெட்டுவிட்டதோ என்று பலர் கவலைப்படுவது இதனால்தான். பெரிய லென்ஸ் இதைத் தீர்க்காது, ஏனென்றால் இடையில் உள்ள காற்றைத்தான் அது பெரிதாக்குகிறது. பக்கத்தில் வருகிற பறவையை எடுங்கள், இல்லையென்றால் கேமராவை மூடிவிட்டுக் காட்டுக்குள் போய்விடுங்கள்.

பூநாரையும் உப்பளமும்

உப்பளத்தில் கடல்நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலில் வற்றவிட்டு, உப்பை ஏற்றிக்கொண்டே போவார்கள். முதல் தேக்கத்தில் மீன் உண்டு, அங்கே ஆலாவும் கூழைக்கடாவும் நாரையும் இருக்கும். நடுத்தரமாக உப்பேறிய தண்ணீரில் மீன் வாழாது, உப்பிறால் பெருகும், பூநாரைகள் அங்கேதான். உப்பு விளைகிற கடைசிப் பாத்தியில் தின்ன எதுவும் கிடைக்காது. எனவே பூநாரை தேடி வந்தவர்கள் பளபளவென்று உப்புக் குவித்த இடத்தில் நின்று ஏமாறாமல், அதற்கு முந்தைய ஆழமற்ற பெரிய தேக்கங்களைப் பாருங்கள்.

பூநாரை தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, நாக்கால் தண்ணீரை இழுத்துத் தள்ளி, அலகின் ஓரச் சல்லடையில் உணவை வடிகட்டும். அதன் இளஞ்சிவப்பு அந்த உணவில் உள்ள நிறமியிலிருந்து வருவது. கூட்டத்தில் சாம்பலாக, அழுக்குப் பழுப்பாக நிற்பவை இளம் பறவைகள். கோடியக்கரையில் அதிகம் தெரிவது பெரிய பூநாரை, அலகு வெளிர் ரோஜா நிறம், நுனி மட்டும் கறுப்பு. உயரம் குறைவாக, அலகு முழுக்கக் கருஞ்சிவப்பாக ஒன்று நின்றால் அது சிறிய பூநாரை, உடனே குறித்துக்கொள்ளுங்கள். இவை நிறைய தூரத்தில்தான் நிற்கும், நெருங்கவும் விடாது. முகம் தெரிகிற படம் கிடைக்காது என்று ஏற்றுக்கொண்டு, வானமும் தண்ணீரும் சேர்ந்த அகலப் படமாக எடுத்தால் அதுவே நன்றாக இருக்கும்.

ஒன்று சொல்கிறேன், பூநாரையை ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டு மிச்ச நேரத்தை உள்ளான்களுக்குக் கொடுங்கள். இந்தக் கரையின் செல்வம் அவைதான். உலகத்திலேயே சில நூறு மட்டும் மிஞ்சியிருக்கிற கரண்டிமூக்கு உள்ளான்கூட ஒரு காலத்தில் இங்கே பதிவாகியிருக்கிறது.

எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே?

இருக்கும், முதல் நாள். நிறத்தைப் பார்க்காதீர்கள், குளிர்காலத்தில் எல்லாமே சாம்பலும் வெள்ளையும்தான். நடையைப் பாருங்கள். உப்புக்கொத்தி ஓடும், நிற்கும், குனிந்து ஒன்றைக் கொத்தும், மறுபடி ஓடும். கண்ணால் தேடுகிற பறவை அது, எனவே கண் பெரிது, அலகு குட்டை. உள்ளான் நடந்துகொண்டே சேற்றில் தையல் மிஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டே போகும், அலகின் நுனியால் தொட்டு உணர்ந்து தேடுவது அது. இந்த ஒரு வித்தியாசத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

பிறகு அலகு. கொசு உள்ளானுக்குக் குட்டையும் நேரும். வளைமூக்கு உள்ளானுக்கு நீளம், நுனி கீழே வளைந்திருக்கும். மூக்கனுக்கு மிக நீளம், நேர். கோட்டானுக்கு (ஆந்தையல்ல, இதுவும் கரையோரப் பறவை) அரை சாணுக்கும் மேல் நீளத்துக்கு அரிவாள் மாதிரி வளைவு. சேற்றில் வெவ்வேறு ஆழத்தில் இருக்கிற புழுவும் சிப்பியும் இந்த அலகுகளுக்குப் பங்காகப் போவதால்தான் ஒரே இடத்தில் சண்டையில்லாமல் இத்தனை வகை மேய முடிகிறது. கடைசியாகக் காலின் நிறம்: சிவப்பென்றால் பவளக்கால் உள்ளான், வெளிர்ப்பச்சை என்றால் பச்சைக்கால் உள்ளான். கல்லையும் பாசியையும் அலகால் புரட்டிப்போடுவது கல்திருப்பி உள்ளான், அதை ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது.

அடையாளம் தெரியவில்லையென்றால் பக்கவாட்டில் ஒன்று, பறக்கும்போது இறக்கைப் பட்டையும் வாலும் தெரிய ஒன்று என இரண்டு படம் எடுத்து வையுங்கள். அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பெயர் கண்டுபிடிக்க அதுதான் உதவும்.

கானல் ஏறிய நேரத்தில் காட்டுப் பக்கம் போனால் வெளிமான்களும் புள்ளிமான்களும் இருக்கும், மட்டக்குதிரைகளும் உண்டு. நிழலில் பறவை எடுப்பது ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் எடுத்துப் பழகியவர்களுக்குப் புதிதல்ல. ஐஎஸ்ஓவை ஏற்றத் தயங்காதீர்கள், போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைக்காதீர்கள்.

திரும்பி வந்ததும்

அன்று ராத்திரியே கேமரா, லென்ஸ், பைனாகுலர், டிரைபாட் எல்லாவற்றின் வெளிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்பு தானாகப் போகாது, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு திருகாணிகளை அரிக்கும். கண்ணாடியை மட்டும் முதலில் ஊதுபந்தால் ஊதி மணலைப் போக்கிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். ஏசி அறையிலிருந்து விடிகாலையில் வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படியும், அரை மணி முன்னதாகவே பைக்குள் வைத்தபடி வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.

பார்த்த பட்டியலை, பறவைப் பதிவுகளைச் சேர்க்கிற இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றுங்கள். இடம், நேரம், எத்தனை என்று எண்ணிக்கையோடு. ஆயிரக்கணக்கில் இருந்தால் ஐம்பதை எண்ணி, அந்த ஐம்பது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, அதே மாதிரி எத்தனை துண்டுகள் என்று கணக்கிட்டால் ஓரளவு சரியாக வரும். பொங்கல் விடுமுறையில் போகிறவர்கள் அந்த நாட்களில் நடக்கிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் அந்தப் பட்டியலைச் சேர்க்கலாம், ஊருக்குத் திரும்பும் நாளில் மூக்கனேரியில் எடுத்த பட்டியலையும் சேர்த்து.

படங்களை அழிப்பதற்கு முன் ஒவ்வொரு உள்ளானின் காலையும் பெரிதாக்கிப் பாருங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவையியலாளர் சாலிம் அலி காலத்திலிருந்தே கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் மாட்டி வருகிறது, மற்ற நாடுகளில் காலில் கொடி (சின்ன வண்ணப் பிளாஸ்டிக் பட்டை) மாட்டிய பறவைகளும் வரும். காலில் உலோக வளையமோ வண்ணக் கொடியோ தெரிந்தால், எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, என்ன நிறம், இரண்டு நிறம் இருந்தால் எது மேலே, எழுத்தும் எண்ணும் படிக்க முடிகிறதா, தேதி, இடம் என்று எழுதி, மங்கலாக இருந்தாலும் அந்தப் படத்தோடு கழகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.